பொட்டு வைத்த காசுப்பெட்டி

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது பெட்டி அல்ல, அதன் மூடியின் நடுவே இருந்த குங்குமப் பொட்டு. இத்தாலியின் பலெர்மோ நகரில், பல்லரோச் சந்தையிலிருந்து பிரியும் ஒரு சின்ன ஒழுங்கையில், மச்சாளின் தையல் கடைக்குள், யன்னலால் வந்த வெயில் நேராக அந்தப் பொட்டின் மேல் விழுந்திருந்தது. பொட்டைச் சுற்றியிருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பெட்டிக்கு அந்தப் பக்கம் மச்சாள் நின்றார். இந்தப் பக்கம் சாம்பல் நிறக் கோட் போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரரும், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி வைத்திருந்த ஒரு முதியவரும் நின்றார்கள். வெளியே மீன்காரன் வாள்மீனைப் புகழ்ந்து இழுத்து இழுத்துக் கூவிக்கொண்டிருந்தான். கோட் போட்டவர், தன் சித்தியின் வீட்டிலிருந்து மச்சாள் திருடியதாக நினைத்த பெட்டியைத் திருப்பி வாங்க வந்திருந்தார்.

மச்சாள் என் அம்மாவின் தமையனுடைய மகள். என்னிலும் மூன்று வயது மூத்தவர். வன்னியிலிருந்து எனக்கு முன்பே பலெர்மோவுக்கு வந்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தி எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் பழகிய நான் இங்கே வந்திறங்கியபோது, எனக்கு முதல் வேலை பிடித்துத் தந்தவரும் அவர்தான். அது அவர் வேலை செய்த அதே கட்டடத்தில் படிக்கட்டு கழுவும் வேலை. முதல் நாள் வாளியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, "என்ன பேப்பர்காரர், முகம் இப்பிடிக் கிடக்குது? அங்கையும் ஆக்கள் விட்ட ஊத்தையைத்தானே துடைச்சனீர், இஞ்சையும் அதுதான்" என்றார். அதற்குப் பிறகு இந்த நகரத்தில் தமிழர் எவரும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததாக நினைவில்லை. எல்லோருக்கும் நான் பேப்பர்காரர்தான்.

அந்தக் கட்டடம் பொலித்தேயாமா அரங்குக்குப் பின்னால் இருக்கிறது. மூன்றாம் மாடியில், மச்சாள் வீட்டுவேலை செய்த வீட்டில், சிஞ்ஞோரா தனியாக இருந்தார். இத்தாலியர் பெண்களை மரியாதையாக அழைக்கும் அந்தச் சொல்லே எங்களுக்கு அவர் பெயர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, கணவர் இறந்தவர், பிள்ளைகள் இல்லை. வீடு நிறையச் சாமான். கண்ணாடி அலுமாரிகளில் வெள்ளிக் கரண்டிகள், சுவரில் முடி சூட்டிய மாதாவின் படங்கள், ஒவ்வொரு அறையிலும் வெவ்வேறு நேரம் காட்டும் மணிக்கூடுகள். செதுக்கு வேலையும் பொன்பூச்சும் இல்லாத ஒரு கதிரைகூட அந்த வீட்டில் இல்லை. அந்தக் கூட்டத்துக்குள், வரவேற்பறை மேசையில், எந்த அலங்காரமும் இல்லாமல் ஒரு மரப்பெட்டி இருந்தது. ஒரு முழ நீளம், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரம். பலகைகளின் முனைகளை விரல்களைப் போல் அரிந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தார்கள். நான் தேடிப் பார்த்த வரையில் அந்த மூலைகளில் ஆணி இல்லை. மூடியைத் திறந்தால், காசு போடுவதற்கு வழுவழுப்பாகக் குடைந்த வட்டக் குழிகளோடு ஒரு தட்டு. தட்டைத் தூக்கினால் கீழே தாள் வைக்கும் அறை. முன்பக்கம் ஓர் இரும்புப் பூட்டு. செய்தவரின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. அடியைப் புரட்டியும் பார்த்தேன்.

அதைச் செய்தவர்கள் அமெரிக்காவில் ஷேக்கர் என்ற பெயரில் வாழ்ந்த ஒரு மதக்கூட்டத்தார் என்று சிஞ்ஞோரா சொன்னார். அவருடைய தகப்பனின் தமக்கை ஒருத்தி இளம்வயதில் தையல் வேலைக்குக் கப்பலேறிப் போனவளாம். அப்படியொரு குடியிருப்பில் ஆட்கள் குறைந்து, கதவைப் பூட்டிச் சாமான்களை விற்ற நாளில் இந்தக் காசுப்பெட்டியை வாங்கினாளாம். ஊர் திரும்பியபோது அவளிடம் இருந்த பெறுமதியான சாமான் இது ஒன்றுதானாம். ஷேக்கர்கள் ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் தனித்தனிப் பக்கங்களில் இருந்தார்கள், கல்யாணம் செய்யவில்லை, தங்களுக்கென்று எதையும் வைத்திருக்கவில்லை, கும்பிடும்போது ஆடினார்கள், தரையைக் கூட்டும்போது கதிரைகளைத் தூக்கிச் சுவர் முளைகளில் மாட்டினார்கள். இதையெல்லாம் சிஞ்ஞோரா ஒரு பாடம் போலச் சொல்லுவார். நான் படியைத் துடைத்து முடித்துக் கோப்பிக்கு உள்ளே வரும் நேரங்களில், பாதிப் பாடம் எனக்கும் கிடைக்கும்.

மச்சாளுக்குக் கதிரையை மாட்டும் சங்கதி மிகவும் பிடித்துவிட்டது. "இதுதான் கூட்டத் தெரிஞ்ச சனம்" என்று அடிக்கடி சொல்லுவார். மற்றது பிடிபடவில்லை. "கல்யாணமும் இல்லை, சொந்தமெண்டு ஒண்டும் இல்லை. பிறகேன் காசுப்பெட்டி?" என்று என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, அதையே சிஞ்ஞோராவிடம் பலெர்மோ இழுவையோடு இத்தாலியத்திலும் கேட்டார். அவர்கள் விதையும் கதிரையும் விளக்குமாறும் செய்து வெளியாருக்கு விற்றார்கள், வெளியாரோடு கொடுக்கல் வாங்கல் செய்ய ஒருவரை நியமித்திருந்தார்கள், பெட்டி அவருடைய மேசையில் இருந்திருக்கும் என்றார் சிஞ்ஞோரா. பிறகு மச்சாளின் கையிலிருந்த விளக்குமாறைக் காட்டினார். சோளத்தாளைத் தட்டையாக வைத்துத் தைத்த விளக்குமாறு அது. இந்தத் தட்டை வடிவத்தை முதலில் செய்தவர்களும் அவர்கள்தான் என்று தன் அத்தை சொல்லக் கேட்டதாகச் சொன்னார். மச்சாள் விளக்குமாறையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டும் ஒரே ஊர்ச் சாமான்" என்றார்.

அந்த விளக்குமாறு மச்சாளுடையது. சிஞ்ஞோராவின் வீட்டில் இருந்தது கைக்கு வராது என்று, பல்லரோவில் தானே பார்த்து வாங்கி வந்தது. அவருடைய கத்தரிக்கோலும் அப்படித்தான். அவர் கண்டிப்பாக வைத்திருந்த ஒரு கொள்கையைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சரஸ்வதி பூசையன்று நாங்கள் தொழில் செய்யும் சாமான்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். பொதுவாக இதில் யாரும் உரிமை பார்ப்பதில்லை. முதலாளியின் வாகனத்துக்கும் வைப்பார்கள், கந்தோர்க் கணினிக்கும் வைப்பார்கள். மச்சாள் வைக்கமாட்டார். அவருடைய தகப்பன், அதாவது என் மாமா, வன்னியில் பிறருடைய உழவு இயந்திரங்களைத் திருத்தியவர். தன் திருகு சாவிகளுக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைப்பார், இயந்திரத்தைத் தொடமாட்டார். அதை வைக்க வேண்டியவன் அதன் சொந்தக்காரன் என்பார். மச்சாள் அதை அப்படியே பலெர்மோவுக்குக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு பூசைக்கும் சிஞ்ஞோராவின் குசினி மூலையில் ஒரு விளக்குமாறும் ஒரு கத்தரிக்கோலும் மட்டும் பொட்டோடு இருக்கும். பக்கத்தில் நிற்கும் சிஞ்ஞோராவின் தையல் இயந்திரத்தில் மச்சாள்தான் எப்போதும் தைப்பார். அதற்குப் பொட்டு இல்லை.

ஒரு பூசை நாள் பின்னேரம் நான் அவல் சாப்பிட உள்ளே போனேன். மச்சாள் என் முன்னால் குங்குமத் தட்டை நீட்டி, "எங்கை உம்மடை பேனை? இல்லாட்டி வாளியைக் கொண்டு வாரும்" என்று பகிடி பண்ணினார். நான் உண்மையாகவே வாளியைக் கொண்டு வந்தேன். சிஞ்ஞோரா சர்க்கரை அவலைக் கரண்டியால் கிளறிக்கொண்டு இதைப் பார்த்திருந்தார். பிறகு எழுந்து போனார். வரவேற்பறையிலிருந்து பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து, குசினி மேசையில் விளக்குமாறுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"விளக்குமாறுக்கு வைத்தாய். இது அதன் சகோதரன். இதற்கும் வை."

மச்சாள் மாட்டேன் என்று தலையாட்டினார். "இது என்னுடையது இல்லை சிஞ்ஞோரா. எனக்குச் சொந்தமில்லாததற்கு நான் வைப்பதில்லை. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்" என்றார் சிஞ்ஞோரா. பூட்டிலிருந்த சாவியை உருவி மச்சாளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். "இப்போது உன்னுடையது. இப்போது வை."

மச்சாள் என்னைப் பார்த்தார். "என்ன மச்சான், மனிசி பகிடியோ?"

"பகிடி மாதிரித் தெரியேல்லை" என்றேன்.

மச்சாள் கையைக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, மூடியில் நல்லெண்ணெய் பூசினார். அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒரு பழம்பொருள் வியாபாரியின் இதயம் நின்றுபோகும் காரியம் அது என்று எங்கள் மூன்று பேருக்கும் அப்போது தெரியாது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டு போகச் சிஞ்ஞோரா வற்புறுத்தினார். நீங்கள் இருக்கும்வரை அது தன் மேசையில் இருக்கட்டும் என்று மச்சாள் மறுத்தார். குழிகளில் தன் ஊசிகளையும் பொத்தான்களையும் வைத்தார். பிறகு வந்த ஒவ்வொரு பூசைக்கும் எண்ணெயும் சந்தனமும் புதிதாக ஏறின.

சிஞ்ஞோராவின் கடைசி இரண்டு வருடங்களில் நினைவு வந்து வந்து போனது. காலை சாப்பிட்டதை மத்தியானம் மறந்தார். கணவரை அறை அறையாகத் தேடினார். ஆனால் விளக்குமாறைப் பார்த்தால் ஷேக்கர் கதையைத் தொடக்கத்திலிருந்து பிழையில்லாமல் சொல்லுவார். மச்சாள் ஒவ்வொரு தரமும் முதல்தரம் கேட்பது போல, "பிறகேன் காசுப்பெட்டி?" என்று கேட்பார். நத்தார்ப் பண்டிகைக்குச் சில நாட்களுக்கு முன் சிஞ்ஞோரா இறந்தார். செத்தவீடு முடிந்த அடுத்த வாரம், மச்சாள் தன் விளக்குமாறையும் கத்தரிக்கோலையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், வாசல்காரிக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு வெளியேறினார். பல்லரோவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தையல் கடை திறந்தார்.

சிஞ்ஞோராவின் சொத்துக்கு உரியவர் மிலானில் இருந்த பெறாமகன், அவருடைய தமக்கையின் மகன். வருடத்துக்கொரு தரம் கோடையில் மொண்டெல்லோக் கடலில் குளிக்க வந்து, சித்தியையும் பார்த்துவிட்டுப் போகிறவர். வீட்டை விற்க முன் சாமான்களைச் சரிபார்த்தபோது பெட்டியைக் காணவில்லை. படத்தைப் பார்த்த ஒரு பழம்பொருள் வியாபாரி அது ஷேக்கர் வேலை, அமெரிக்காவில் தேடி வாங்குவார்கள் என்று சொல்லியிருந்தார். பெறாமகன் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தார். கத்தவில்லை. மிக மரியாதையாக, திங்கட்கிழமைக்குள் பெட்டி வந்தால் தவறுதலாக எடுத்துப்போனதாக வைத்துக்கொள்ளலாம், வராவிட்டால் முறைப்பாடு செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

அந்த நேரம் மச்சாளின் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் கிடந்தது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் திருட்டு முறைப்பாடு ஒன்று பதிவானால் அதற்கு என்ன நடக்கும் என்று இந்த நகரத்தில் எந்தத் தமிழனுக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மகள் பாரிசில் பிள்ளை பெறப் போகிறாள், இத்தாலியக் கடவுச்சீட்டு வந்தால் அங்கே போகலாம் என்று மச்சாள் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்தியாளனைப் போல இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மரப்பெட்டி. மற்றப் பக்கம் பாரிஸ்.

"குடுத்துவிடுங்கோ மச்சாள். ஒரு பெட்டிதானே."

மச்சாள் ஒரு காற்சட்டையின் அடியை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பெட்டியைக் குடுக்கலாம். குடுத்தா நான் களவெடுத்தனான் எண்டு ஆகும். அதை நான் எப்பிடி மச்சான் குடுக்கிறது?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வரச் சொல்லும். வந்து பாக்கட்டும். ஒளிச்சு வைக்கேல்லை, யன்னலுக்குப் பக்கத்திலதானே கிடக்குது."

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை காலை பெறாமகன் சாம்பல் நிறக் கோட்டோடு, அந்த முதிய வியாபாரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் எதிரே பெட்டி. எதிர்பார்த்து வந்தது அதுவல்ல என்று அவர் முகத்தில் தெரிந்தது. திருடிய சாமான் பொட்டு வைத்துக்கொண்டு யன்னலோரம் இருக்காது. முதலில் வாய் திறந்தவர் முதியவர். அவர் மூடியைப் பார்த்து, கையை நெற்றியில் வைத்து, மாதாவைக் கூப்பிட்டார். பிறகு கண்ணாடியை எடுத்துக் குனிந்தார்.

பெறாமகன் தொலைபேசியை நீட்டினார். போன கோடையில் சித்தியின் வீட்டில் அவர் எடுத்த படங்கள். "இது சித்தியின் மேசையில் இருந்தது. பாருங்கள், இதோ." மச்சாள் பார்க்கவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். படத்தை வெளியிட முன் படக்குறிப்பில் எழுதப்படாத எதுவும் அதில் இருக்கிறதா என்று பார்க்கப் பழகிய கண் எனக்கு. விரல்களால் பெரிதாக்கினேன். மேசையில் பெட்டி. மூடியில் பொட்டு. அடுத்த படங்களைத் தள்ளினேன். மணிக்கூடுகள், வெள்ளி, கண்ணாடி அலுமாரி, தையல் இயந்திரம். ஒன்றிலும் பொட்டு இல்லை.

நான் தொலைபேசியை அவரிடம் திருப்பிக் கொடுத்து, "உங்கள் சித்தி உயிரோடு இருந்தபோதே, அவர் கண் முன்னாலேயே இந்தக் குறி இருந்திருக்கிறது" என்றேன். "வேறு எதிலும் இல்லை. ஏன் என்று இவரிடம் கேளுங்கள்."

மச்சாள் தன் கடையைக் காட்டினார். "இந்த இயந்திரம் நான் வாங்கியது. பொட்டு இருக்கிறது. கத்தரிக்கோலில் இருக்கிறது. விளக்குமாறில் இருக்கிறது. அந்தக் கண்ணாடி வீட்டுக்காரருடையது, இல்லை. இந்த அலுமாரியும் அவருடையது, இல்லை. உங்கள் சித்திக்கு இது தெரியும். தெரிந்துதான் வைக்கச் சொன்னார்." பிறகு குசினியில் நடந்ததைச் சொன்னார். நானும் பார்த்ததைச் சொன்னேன். பார்த்ததை மட்டும்தான்.

பெறாமகன் கண்ணாடிக்குப் போனார். அலுமாரியின் கதவைத் தொட்டுப் பார்த்தார். இயந்திரத்தின் கழுத்தில் இருந்த சிவப்பைப் பார்த்தார். திரும்பி வந்து படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எங்களுக்கு என்றில்லாமல் சொன்னார்: "இதை எடுத்த அன்று நான் கேட்டேன். சித்தி, பெட்டியில் இது என்ன கறை என்று. அந்தப் பெட்டி என்னுடையது அல்ல, எனக்குத் தெரியாது, அவளிடம் கேள் என்று இவரைக் காட்டினார். நினைவு தப்பிப் பேசுகிறார் என்று நினைத்தேன்."

முதியவர் நிமிர்ந்தார். எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிட்டது, ஆண்டாண்டாக ஏறிய கறை இது, இனி எந்தக் கைதேர்ந்தவனாலும் எடுக்க முடியாது, சேகரிப்பவர் ஒருவரும் தொடமாட்டார் என்று தீர்ப்புச் சொன்னார். "சிஞ்ஞோரா, இதை யாருக்கும் விற்க முடியாதபடி செய்துவிட்டீர்கள்."

"யார் விற்கிறார்கள்?" என்றார் மச்சாள்.

முதியவர் சிரித்துவிட்டார். போகும் முன் அனுமதி கேட்டு, பெட்டியின் மூலையில், பலகைகள் கோத்திருந்த இடத்தில், பெருவிரலை ஒருதரம் ஓட்டினார். பெறாமகன் மச்சாளுக்குக் கை கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. முறைப்பாடு செய்யவுமில்லை. சித்தியின் சொல்லை நம்பிப் போனாரா, பெட்டி விலை போகாது என்று போனாரா என்பதை எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. மச்சாளுக்கு அந்தச் சந்தேகமே இருக்கவில்லை. "தாய்க்குச் சமனான சித்தி சொன்னதை அந்தப் பெடியன் எப்பிடி நம்பாமல் விடுவான்?" என்றார். பெடியனுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர்கள் ஒழுங்கையால் திரும்பி மறைந்த பிறகு மச்சாள் மிசினில் உட்கார்ந்தார். ஊசியையும் நூலையும் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார். "கோத்துத் தாரும் பேப்பர்காரர். கண்ணுக்குள்ள வெயில்." அந்த நேரம் வெயில் யன்னலை விட்டுப் போயிருந்தது. நான் கோத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் நடந்து சில வருடங்களாகின்றன. சிஞ்ஞோரா இருந்த மூன்றாம் மாடி இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்குப் போகிறது. சுவர் முழுக்க வெள்ளை, சாமான் மிகக் குறைவு, கோட் மாட்டுவதற்கு மட்டும் சுவரில் ஒரு வரிசை மர முளைகள். படி இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. மச்சாளின் குடியுரிமை வந்தது. நகராட்சியில் அவர் சத்தியம் செய்த அன்று அந்தக் கூட்டத்தில் எல்லோரிலும் உரத்துக் கேட்டது அவர் குரல். பேரப்பிள்ளை பிறந்து, அடுத்தது பிறந்து, மகளின் தொலைபேசி அழைப்புகள் நீண்டபோது, கடையை இரண்டு வீடு தள்ளியிருக்கும் மொறீசியஸ் தமிழ்ப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுப் பாரிசுக்குப் போவதென்று முடிவெடுத்தார். இயந்திரத்தை அவளுக்கு விற்றார். விளக்குமாறு தேய்ந்து எப்போதோ போய்விட்டது. கத்தரிக்கோலைப் பயணப் பெட்டியில் வைத்தார்.

போவதற்கு முந்திய வாரம் சரஸ்வதி பூசை வந்தது. படி வேலையை இடையில் நிறுத்திவிட்டுக் காலையிலேயே கடைக்குப் போனேன். கடை பாதி காலியாகியிருந்தது. யன்னலோரம் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. குழிகளில் பொத்தான்கள் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, தட்டைத் திரும்ப வைத்து, சாவியைப் பூட்டில் விட்டிருந்தார். கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைத்து முடித்திருந்தார். பெட்டிக்கு வைத்திருக்கவில்லை.

"இதையும் கொண்டு போகலாம்தானே மச்சாள். ரயிலில என்ன பாரம்?"

"கொண்டு போய்? அங்கை எனக்கு என்ன வேலை, பிள்ளையளைப் பாக்கிறதுதானே. வேலை இல்லாத இடத்தில இது சும்மா கிடக்கும். அதுக்குப் பிடிக்காது."

"அதுக்குப் பிடிக்காதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"விளக்குமாறு" என்றார். சிரித்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். சில காலமாக இங்குள்ள நம் ஆட்களின் சங்கம் வெளியிடும் மாதப் பத்திரிகைக்கு நான் எழுதத் தொடங்கியிருந்தேன். பையில் இரண்டு பேனைகள் இருந்தன. அவர் கை நீட்டி அவற்றை உருவி, தட்டின் குழிகளுக்குக் குறுக்கே வைத்தார். மூடியை மூடினார். நல்லெண்ணெய்ச் சிமிழையும் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத் தட்டையும் என் பக்கமாகத் தள்ளினார்.

ஒழுங்கையில் மீன்காரன் கூவத் தொடங்கியிருந்தான். யன்னலால் வந்த வெயில் மூடியில் பழைய கறையின் மேல் விழுந்திருந்தது.

அந்த வருடம் பெட்டிக்குப் பொட்டு வைத்தது நான்.